மூன்று விரல் விலகிய தடம்

அத்தியாயம் 3

செத்துப்போன காருக்குப் பிரேதப் பரிசோதனை செய்ய எங்கள் சர்வேயர் மேடத்துக்குக் கத்தி தேவையில்லை. உள்ளங்கை போதும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது அந்த வெள்ளைக் கார். முன்பக்கம் நசுங்கி, கதவு ஒன்று பிய்ந்திருந்தது. மேடம் கைப்பையை என்னிடம் திணித்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்து, வலது பின்சக்கரத்தின் டயரைத் தடவிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை.

"ஒரு பக்கமாத் தடவினா வழுக்குது. திருப்பித் தடவினா கையைக் கடிக்குது," என்றார்.

"நம்ம ஆபீஸ் வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க."

"கிளட்ச், கொஞ்ச நேரம் வாயை மூடிட்டுப் பாரு."

கிளட்ச் என்பது நான். டிரைவிங் ஸ்கூலில் பதினான்கு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திய பாவம், பெயராகவே ஒட்டிக்கொண்டது. மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்தே தலை நரைத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் கூடமாட இருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஆளை அவர் ஏன் வைத்திருக்கிறார் என்று எனக்கே தெரியாது.

நான் குனிந்து பார்த்தேன். டயரின் வெளிப்பக்கம் பட்டை பட்டையாக, ஆழமாக, இன்னும் ஒரு வருஷம் ஓடலாம் போலிருந்தது. உட்பக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரிந்தது.

"சக்கரம் நேராப் பாக்காம, கொஞ்சம் வெளிய பாத்துக்கிட்டே ஓடினா இப்படித்தான் ஆகும்," என்றார் மேடம். "உருளாது. ரோட்டைத் தேச்சுக்கிட்டே போகும். வெளிய நின்னு பாக்கறவன் டயர் நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

"இப்படித் தேய எவ்வளவு நாள் ஆகும்?"

"மாசக்கணக்குல. ஒன்பது நாள்ல நடக்கிற வேலை இல்ல இது."

அந்த ஒன்பது நாள்தான் வழக்கு. இந்த வண்டி ஊரில் பாதிப் பேரைப் பிறக்க வைத்த பிரசவ டாக்டருடையது. அறுபத்திரண்டு வயது. பதின்மூன்று நாளைக்கு முன்னால் வண்டியை, சக்கரங்களின் கோணத்தை நேராக்கும் அலைன்மென்ட் கடையில் விட்டு நான்கு சக்கரத்தையும் சரிபார்க்கச் சொன்னார். கடைக்காரர் மெஷினில் ஏற்றி, பின்சக்கரம் உட்பட எல்லாம் பச்சை, அதாவது சரி, என்று பேப்பர் எடுத்துக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் மழையில், ஹைவேயில் ஒரு இடதுபுற வளைவில், வண்டியின் பின்பக்கம் சறுக்கி, சுழன்று, பாலத்துச் சுவரில் போய் மோதியது. டாக்டர் அங்கேயே போய்விட்டார்.

"பேப்பர்ல பச்சை, டயர்ல கம்பி. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று காலையிலேயே கேட்டிருந்தார் இன்ஸ்பெக்டர். அலைன்மென்ட்காரரை லாக்கப்பில் வைத்து இரண்டு நாளாகிறது. நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட். பார்க்காமலே பொய்யாகப் பேப்பர் கொடுத்து ஒரு உயிரைப் பறித்தார் என்று கேஸ். உள்ளே போனால் வருஷக்கணக்கில் போவார்.

"ஒண்ணு, அந்தாளு இந்த டயரைப் பாக்கல. இல்லன்னா, பாத்தும் பாக்காத மாதிரி விட்டுட்டாரு," என்றேன்.

"மூணாவதா ஒண்ணு இருக்கு," என்று எழுந்தார் மேடம். "இந்த டயர் அன்னிக்கு இந்த வண்டியிலயே இல்ல."

*

லாக்கப்பில் அலைன்மென்ட்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறை. கம்பிக்கு வெளியே அவர் மனைவி, கையில் மாற்றுச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரம்மா. எங்களைத் தேடி வந்தவர் அவர்தான். தன் தம்பியின் டாக்சியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு காலையிலிருந்து அலைகிறார்.

"இவரு பின்சக்கரத்தைப் பாக்காம ஒரு வண்டியக்கூட வெளிய விட்டதில்ல மேடம்," என்றார் அந்த அம்மா. இதைக் காலையிலிருந்து ஐந்தாவது முறையாகச் சொல்கிறார்.

"நிறையக் கடையில முன்சக்கரத்த மட்டும் பாத்துட்டு அனுப்பிடுவாங்க," என்றார் அலைன்மென்ட்காரர். தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முன்னாடி திரும்புறது தானே கண்ணுக்குத் தெரியுது. ஆனா வண்டிக்கு வழி காட்டுறது பின்சக்கரங்க. டாக்டரம்மா வண்டியில நாலையும் பாத்தேன். பின்னாடி ரெண்டு டயரும் உள்ளயும் வெளியயும் சமமா இருந்துச்சு. நான் எழுதியே வச்சிருக்கேன்."

"எங்க எழுதினீங்க?" என்று கேட்டார் மேடம்.

"டயர்லதாங்க. உட்பக்கச் சுவர்ல. மஞ்சக் கிரயான்ல அன்னிக்குத் தேதி, அந்தச் சக்கரத்தோட ரீடிங். அடுத்த தடவ வண்டி வர்றப்ப தேஞ்சிருந்தா, எத்தனை நாள்ல தேஞ்சுதுன்னு எனக்குத் தெரியணுமில்ல. கஸ்டமருக்குக் காட்ட இல்லைங்க. எனக்காக. இன்ஸ்பெக்டர் அய்யாகிட்ட சொன்னேன், சிரிச்சாரு."

மேடம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஓடினேன்.

தார்ப்பாய்க்கு அடியில் தலையைக் கொடுத்து, செல்போன் வெளிச்சத்தில் நான்கு டயரையும் பார்த்தேன். முன்டயர் இரண்டிலும் மஞ்சள் எழுத்து, சேற்றைத் துடைத்ததும் பளிச்சென்று தெரிந்தது. பின்டயர்களில் விரலால் துடைத்தேன், கைக்குட்டையால் துடைத்தேன். ஒரு புள்ளி மஞ்சள்கூட இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கேஸ் முடிந்த மாதிரிதான் என்று திரும்பி ஓடி வந்து, கம்பிக்கு வெளியே நின்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

"முன்னாடி ரெண்டுலயும் இருக்கு. பின்னாடி ரெண்டுலயும் இல்ல. யாரோ பின்சக்கரத்தைக் கழட்டி மாத்தியிருக்காங்க அண்ணே. நீங்க தப்பிச்சீங்க."

அந்த மனிதர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மழையில அழிஞ்சிருக்கும்."

"என்னங்க சொல்றீங்க?" என்றார் மனைவி.

"இல்லன்னா, பின்னாடி எழுத மறந்திருப்பேன். சரியாப் பாக்காமகூட விட்டிருப்பேன், யாரு கண்டா. மேடம், நீங்க அலைய வேணாம். நடக்கிறது நடக்கட்டும்."

அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம மனுஷன் புத்தி கலங்கிப்போச்சு என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. மேடம் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே வந்தார்.

"மெழுகுக் கிரயான், மழைக்கு அழியாது," என்றார் வராந்தாவில். "முன்டயரும் அதே மழையிலதானே ஓடுச்சு."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னாரு?"

"தெரியல."

இவர் தெரியல என்று சொன்னால், பாதி தெரிந்துவிட்டது என்று அர்த்தம். மீதிப் பாதியைப் பிடுங்க என்னால் ஆகாது.

*

டாக்சியில் நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும்; பதினான்கு வருஷப் பழக்கம். தம்பிக்காரர் முப்பது முப்பத்திரண்டு வயது, நெடுநெடுவென்று உயரம், அதிகம் பேசாதவர். மாமா லாக்கப்பில் இருக்கிறார் என்று வேறு வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அக்காவோடு அலைகிறார். காலையில் ஏறியதுமே நான் அவரை வம்புக்கு இழுத்திருந்தேன். நேர் ரோட்டில் போகும்போது அவர் ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை. நடுவில் இருக்கும் சின்னம் வலப்பக்கம் சாய்ந்தே இருந்தது. "தம்பி, உங்க வண்டிக்கு ரைட்ல திரும்பணும்னு ரொம்ப நாளா ஆசை போலிருக்கு, ஒரு தடவ திருப்பி விட்டுடுங்களேன்," என்றேன். "பழகிடுச்சு சார்," என்று முடித்துக்கொண்டார்.

இப்போதும் சின்னம் சாய்ந்தே இருந்தது. எனக்குத்தான் கிண்டல் வரவில்லை.

பின்சீட்டில் ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டில் கிடந்தது. மூடியில் முயல் படம். தையல்காரம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை யாரு விட்டுட்டுப் போனது?"

"கடைசிப் பொண்ணு அக்கா. அது தினமும் எதையாவது விட்டுட்டுப் போகும்," என்றார் தம்பி. குரலில் முதல் தடவையாக ஒரு இளக்கம். "காலைல அஞ்சு பிள்ளைங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன் சார். ஹைவே தாண்டிப் போகணும்."

"இப்ப எங்க போறோம் மேடம்?" என்று கேட்டேன்.

"சக்கரத்தை மாத்தணும்னா அதே மாடல் வண்டி வேணும். டாக்டர் வீட்டிலேயே இன்னொண்ணு இருக்கு. மருமகனோடது. ரெண்டையும் ஒரே நாள்ல வாங்கினாங்க."

அது எனக்கும் தெரியும். மருமகன் ஆஸ்பத்திரியை மாடி மாடியாகக் கட்டி உயர்த்த வேண்டும் என்றார். மாமியார் இருக்கிற பத்துக் கட்டில் போதும் என்றார். இந்தச் சண்டை ஊருக்கே தெரியும். தேய்ந்த டயர் இரண்டை மாமியார் வண்டியில் மாட்டிவிட்டு மழைக்காகக் காத்திருப்பது, துப்பாக்கியைவிடச் சுத்தமான வேலை. நான் மனதுக்குள் அந்த ஆளுக்கு விலங்கே மாட்டிவிட்டேன்.

*

தம்பி வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் மூவரும் உள்ளே போனோம்.

மருமகனுக்கு நாற்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம். போர்டிகோவில் அவருடைய வெள்ளைக் கார் நின்றது; அதற்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கும் இடம் காலியாக, எண்ணெய்க் கறையோடு கிடந்தது. நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்த மெக்கானிக்கைக் காப்பாத்த என்னைக் கொலைகாரன் ஆக்கப் போறீங்களா?"

"உங்க வண்டியை ஒரே ஒரு தடவ வெளிய எடுத்து, மெதுவா உள்ள கொண்டுவாங்க. அவ்வளவுதான்," என்றார் மேடம். "அதோட நாங்க போயிடறோம்."

தோட்டத்து ரப்பர் பைப்பை எடுத்து, போர்டிகோவுக்கு முன்னால் இருந்த சிமெண்ட் தரையில் தண்ணீரை அடிக்கச் சொன்னார் என்னிடம். போர்டிகோவின் தரை காய்ந்து வெளுத்திருந்தது. மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தார், தண்ணீரைத் தாண்டி நேராக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்.

காய்ந்த தரையில் ஈரத் தடம் இரண்டு. பக்கத்துக்கு ஒன்று. ஓரம் கத்தரித்த மாதிரி சுத்தமாக இருந்தது.

மேடம் தடத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "முன்சக்கரம் போன ஈரத்துலயே பின்சக்கரமும் மிதிச்சு வந்திருக்கு. வண்டி நேரா நடக்குது. அந்த டயரை அப்படித் தேய்ச்ச வண்டி இப்படி நடக்காது. அதோட பின்சக்கரம் ஒரு பக்கமா இழுக்கும், வண்டி உடம்பைச் சாய்ச்சுக்கிட்டேதான் போகும்."

நான் விடவில்லை. தரையில் படுத்து அவர் வண்டியின் பின்டயர் இரண்டையும் பார்த்தேன். மஞ்சள் எழுத்து இல்லை. டாக்டர் வண்டி டயர் ஒரு கம்பெனி, இது வேறு கம்பெனி. நான்கும் வருஷக்கணக்கில் அந்த வண்டியிலேயே உருண்ட டயர்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டேன். அந்த மனிதரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"சண்டை போட்டோம், உண்மைதான்," என்றார் மருமகன். கோபம் இறங்கியிருந்தது. "தினமும் போடுவோம். போட்டுட்டு ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். இப்ப வீட்டுல சத்தமே இல்ல."

"அலைன்மென்ட் முடிஞ்சு வண்டி எப்படி வீட்டுக்கு வந்துச்சு?" என்று கேட்டார் மேடம்.

"கடையிலேர்ந்து யாரோ கொண்டுவந்து விட்டாங்க. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். சாவி ஜன்னல்ல இருந்துச்சு."

தையல்காரம்மா போர்டிகோ படியில் உட்கார்ந்துவிட்டார். இதுவும் இல்லையென்றால் நாளைக்குக் காலையில் என்ன செய்வது என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய அந்தச் சட்டை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. புருஷன் வாங்கிக்கொள்ளவில்லை.

மேடம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த வேலையில் அவருக்குப் பிடிக்காத கட்டம் ஒன்று உண்டு. அது வரும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்தார்.

"கிளட்ச், அந்தம்மாவால நடக்க முடியாது. தம்பியை வண்டியை உள்ள கொண்டுவரச் சொல்லு."

நான் கேட்டைத் திறந்து கையைக் காட்டினேன். டாக்சி உள்ளே வந்தது. இன்னும் காயாத தண்ணீரில் இறங்கி, ஏறி, மருமகனின் வண்டிக்குப் பக்கத்தில், டாக்டரின் வண்டி நிற்க வேண்டிய அந்தக் காலி இடத்தில் வந்து நின்றது. அதுவும் அதே மாடல் வெள்ளைக் கார்தான். தெருவுக்கு நாலு நிற்கும் வண்டி. காலையிலிருந்து அதிலேயே உட்கார்ந்து அலைந்ததால் அது என் கண்ணில் படவே இல்லை.

தரையைப் பார்த்தேன்.

முன்சக்கரத் தடத்துக்குப் பக்கத்தில் பின்சக்கரத் தடம் எட்டிப் பார்த்தது. இடது பக்கத் தடத்தில் மூன்று விரல் அகலம் வலப்புறம் விலகியிருந்தது. வலது பக்கத் தடத்திலும் அதே மூன்று விரல், அதே வலப்புறம்.

என் வாயில் ஏதோ ஒரு கிண்டல் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

தம்பி இறங்கி, அக்காவுக்காகப் பின்கதவைத் திறந்துவிட்டு நின்றார். நாங்கள் இருவரும் தரையைப் பார்ப்பதைப் பார்த்தார். அவரும் தரையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சாவியைக் கிளட்ச்கிட்ட குடுங்க தம்பி," என்றார் மேடம், மெதுவாக.

அவர் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. அப்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

"என்ன மேடம்?" என்று எழுந்து வந்தார் தையல்காரம்மா.

"உங்க வீட்டுக்காரர் கையெழுத்து உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்ட மேடம், வலது பின்சக்கரத்துக்கு உட்புறம் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார். "நான் படிச்சா சரியா இருக்காது. நீங்க படிங்க."

அந்த அம்மா முழங்காலிட்டுக் குனிந்து, கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏழுக்கு நடுவுல கோடு போடுவாரு," என்றார் கடைசியில். "பால்காரர் நோட்டுலகூட அப்படித்தான் போடுவாரு." எழுந்திருக்காமலே தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "டாக்டரம்மா வண்டிக்கு எழுதினது உன் வண்டியில எப்படிடா வந்துச்சு?"

  

"மாமா வேலையை முடிச்சிட்டு, வண்டியை டாக்டரம்மா வீட்டுல விட்டுட்டு வான்னாரு," என்றார் தம்பி. "மத்தியானம், கடையில யாரும் இல்ல. ரெண்டு வண்டியும் பின்னாடி பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சு. ரெண்டு சக்கரத்தைக் கழட்டி மாட்டினேன். வெளிய தெரியற வீல் கப்பை மட்டும் மறுபடி அந்தந்த வண்டியிலயே போட்டுட்டேன். இருபது நிமிஷம் ஆச்சு."

"ஏன்டா?"

"பின்னாடி டயர்ல கம்பி தெரிஞ்சிடுச்சுக்கா. தினமும் அஞ்சு பிள்ளைங்க என் வண்டியில ஹைவேல வருது. வளைவுல திரும்பறப்ப எல்லாம் அந்தக் கம்பிதான் கண்ணுக்கு முன்னாடி நிக்கும். தூக்கமே இல்ல. டாக்டரம்மா ஊருக்குள்ள மட்டும்தானே ஓட்டுவாங்க. வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி, நடுவுல ரெண்டு சிக்னல். இருபதுல போவாங்க. அவங்களுக்கு அதுல ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். அடுத்த மாசம் புதுசு வாங்கிட்டு, அவங்களோடதத் திருப்பி மாட்டிடலாம்னு இருந்தேன்."

அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகன் ஓரடி முன்னால் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நான் குறுக்கே போனேன். அவர் அடிக்கவில்லை.

"அத்தைக்கு ஹைவேல ஓட்டவே பிடிக்காது," என்றார். "அன்னிக்குப் பக்கத்து ஊர்ல ஒரு பிரசவம் சிக்கலாயிடுச்சுன்னு போன் வந்துச்சு. போகாம எப்படி இருப்பாங்க? அந்தக் குழந்தை பொழைச்சிடுச்சு. இவங்க வருவாங்க வருவாங்கன்னு பாத்துட்டு, அங்கயே யாரோ பிரசவம் பாத்திருக்காங்க."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி வண்டியின் பம்பரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"உங்க வண்டி பின்சக்கரம் கோணலா இருக்கறது மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் மேடம்.

"தெரியும். போன வருஷ மழையில ஒரு பள்ளத்துல இறங்கி அடிபட்டுச்சு. முன்னாடி மட்டும் பாத்துவிட்டாரு. பின்னாடி போல்ட் துருவேறி இறுகிடுச்சு, அறுத்துத்தான் எடுக்கணும், அப்புறம் பாக்கலாம்டான்னாரு. எங்களுக்குள்ளதானே, எப்ப வேணா பாத்துக்கலாம்னு அப்படியே போயிடுச்சு."

பின்சக்கரத்தைப் பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே விடாத மனுஷன், சொந்த மச்சினன் வண்டியை மட்டும் விட்டிருக்கிறார். சொந்தக்காரனுக்கு அப்புறம் செய்து கொடுக்கலாம் என்று தள்ளிப்போடாத ஆள் யார் இருக்கிறார்கள்? எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அது நிற்கவும் இல்லை.

"பின்சக்கரம் கோணலா இருக்கப்ப முன்சக்கரத்தை மட்டும் நேராக்கினா, ஸ்டியரிங் சாஞ்சு போயிடும்," என்றார் மேடம் என்னிடம். "காலையிலேயே நீ சொன்ன. வலது பக்கம் திரும்ப ஆசைன்னு. நீ கிண்டலாச் சொன்னது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் லாக்கப்புல அவர் பேச்சை மாத்தினாரு பாரு."

தையல்காரம்மா நிமிர்ந்தார்.

"யாரு மாத்தினா?"

மேடம் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். "பின்டயர்ல எழுத்து இல்லன்னு சொன்னதும் உங்க வீட்டுக்காரருக்குப் புரிஞ்சுபோச்சும்மா. கம்பி தெரியற அளவு தேஞ்ச டயர், இந்த மாடல்ல, தன் கடைக்கு வந்துபோற எந்த வண்டியில இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியும். உடனே மழையில அழிஞ்சிருக்கும்னாரு. மறந்திருப்பேன்னாரு. உங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் சொன்னாரு."

அந்த அம்மா கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். அதன் மடிப்பைப் பிரித்து, மறுபடி அதே மாதிரி மடித்தார். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. வாயைத் திறந்தால் ஒருவர் உள்ளே போவார், மூடினால் இன்னொருவர். என் ஜென்மத்தில் எந்தப் பெண்ணையும் அப்படி ஒரு நிலையில் நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

"ரெண்டு நாளா அவரு உள்ள கெடக்குறாரு," என்றார் தம்பியிடம். குரல் உயரவில்லை. "நீ என்கூடவே வர்ற. எனக்குத் தண்ணி வாங்கித் தர்ற. அவருக்குச் சாப்பாடு வாங்கிட்டு வர்ற. உனக்குத் தெரியும்."

"சொல்லணும்னுதான் தினமும் வந்தேன்க்கா."

"அவரும் சொல்லல. நீயும் சொல்லல. என்னைச் சொல்ல வைக்கிறீங்க ரெண்டு பேரும்."

தம்பி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அக்கா பக்கத்தில் போய் அவர் தலையில் கையை வைத்தார். அடிக்கப் போகிறாரா, தடவப் போகிறாரா என்று அவருக்கே தெரியாத மாதிரி கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"எந்திரி," என்றார். "நீயே வந்து சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

மேடம் தடங்களைப் படம் எடுத்தார். டயரின் மஞ்சள் எழுத்தைப் படம் எடுத்தார். அந்த டயரின் உள்விளிம்பை என் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். பதின்மூன்று நாளிலேயே ஒரு பக்கம் வழுக்கி, ஒரு பக்கம் கடிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் சில மாதம் போயிருந்தால் இதிலும் கம்பி தெரிந்திருக்கும். அப்போதும் பின்சீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்திருப்பார்கள். டயரைத்தான் மாற்றினாரே தவிர, சக்கரத்தை யாரும் நேராக்கவில்லை.

நான்தான் ஓட்டினேன். தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஸ்டேஷன் போகும் ரோடு அம்பு விட்ட மாதிரி நேராகப் போகிறது. வண்டியை அதில் நிறுத்தி வைக்க, வழி முழுக்க ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பியே பிடித்திருக்க வேண்டியிருந்தது. பத்து நிமிஷத்தில் எனக்குத் தோள் வலித்தது. அவர் இதை ஒரு வருஷமாகப் பிடித்திருக்கிறார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் பிள்ளைங்க ரோட்டுல வந்து நிக்கும்க்கா," என்றார் திடீரென்று.

"போனைக் குடு."

பின்சீட்டில் அந்த அம்மா ஒவ்வொரு நம்பராகப் போட்டார். நாளைக்கு வண்டி வராதுங்க, பிள்ளையை நீங்களே கொண்டுபோய் விட்டுடுங்க. நான்கு பேரிடம் ஒரே மாதிரி சொன்னார், நான்கு பேரும் சரி என்று வைத்துவிட்டார்கள். ஐந்தாவது, முயல் படம் போட்ட பாட்டிலுக்குச் சொந்தமான பெண்ணின் அம்மா. பாட்டில் வண்டியிலதான் இருக்கு, குடுத்தனுப்புறேன் என்றார் தையல்காரம்மா. அந்தப் பக்கம் வேறு ஏதோ கேட்டார்கள். எப்போதிலிருந்து மறுபடி வண்டி வரும் என்று கேட்டிருக்க வேண்டும்.

கண்ணாடியில் பார்த்தேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த தம்பியின் பின்கழுத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் கேட் தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"இனிமே வராதுங்க," என்றார்.